‘கமர்ஷியல்ஸ் அனுப்புங்க’ என்று ஒரு மெயில் வந்தால்

காலை பதினோரு மணி வாக்கில் ஒரு மெயில் வந்தது. “ஹாய் மேடம், உங்கள் வீடியோக்கள் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சமையல் எண்ணெய் பிராண்டுக்குக் கேம்பெய்ன் செய்கிறோம். ஒரு இன்டகிரேட்டட் வீடியோ, இரண்டு ஸ்டோரி. கமர்ஷியல்ஸ் அனுப்புங்கள். அர்ஜென்ட்.” மொத்தமே இவ்வளவுதான். என்ன எண்ணெய், எந்தத் தேதி, பணத்தை யார் தருவார்கள், ஒரு விவரமும் இல்லை. அர்ஜென்ட் மட்டும் இருந்தது.

அந்த மேடம் நான் இல்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சமையல் சேனல் நடத்தும் ஒரு அக்காவுக்காக மூன்று வருஷமாக மெயில் பார்க்கிறேன். அக்கா அடுப்பங்கரையில் இருப்பார், நான் இன்பாக்ஸில் இருப்பேன். பெரிய நடிகர்களுக்கு இதைச் செய்ய மேனேஜர், வக்கீல், ஆடிட்டர் என்று ஒரு படையே உண்டு. சின்ன சேனல்களுக்கும், மேடைப் பாடகர்களுக்கும், பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கும் பெரும்பாலும் தம்பியோ, மகளோ, தெரிந்த பையனோதான். அப்படி இந்த வேலை திடீரென்று தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மெயிலின் மொழி. ‘கமர்ஷியல்ஸ்’ என்றால் விளம்பரப் படம் இல்லை, விலை. நான் முதல் தடவை பழைய விளம்பர வீடியோக்களின் லிங்கை அனுப்பி வைத்தேன், சிரித்திருப்பார்கள். ‘இன்டகிரேட்டட்’ என்றால் வழக்கமான வீடியோவுக்கு நடுவில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பொருளைப் பற்றிப் பேசுவது. ‘டெடிகேட்டட்’ என்றால் முழு வீடியோவும் அந்தப் பொருளுக்கே. ‘ஸ்டோரி’ என்றால் இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் ஒரு நாள் மட்டும் நிற்கும் சின்னப் பதிவு. ‘டெலிவரபிள்ஸ்’ என்பது நாம் செய்து தர வேண்டியவற்றின் பட்டியல். ‘பார்ட்டர்’ என்றால் பணம் கிடையாது, பொருள்தான் கூலி. ‘பி.ஓ.’ என்பது அவர்கள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர். அது கைக்கு வரும் வரைக்கும் எதுவும் நிச்சயமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வார்த்தைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. நீங்கள் எழுதும் ‘சரி’ உங்களுடையது இல்லை.

இதைச் சட்டமே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. ஒருவருடைய முகவர், அதாவது அவர் சார்பில் பேசுபவர், செய்யும் ஒப்பந்தம், அவரே நேரில் செய்ததைப் போலவே அவரைக் கட்டும் என்கிறது 226ஆம் பிரிவு. இன்னும் ஒரு படி மேலே போகிறது 237ஆம் பிரிவு: முகவருக்கு அந்த அதிகாரம் இல்லாவிட்டாலும், இருப்பதாக வெளியாள் நம்பும்படி முகவரை வைத்திருப்பவர் நடந்துகொண்டிருந்தால், அப்போதும் கட்டும். அக்காவின் பெயரில் உள்ள மெயிலிலிருந்து, அக்காவின் கையெழுத்துக் குறிப்போடு மூன்று வருஷமாக நான்தான் பதில் எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் வேறு எப்படி நம்புவார்?

“மெயில்தானே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே” என்று தோன்றும். 2007 அக்டோபரில் துபாயைச் சேர்ந்த ட்ரைமெக்ஸ் நிறுவனமும் வேதாந்தா அலுமினியமும் பாக்சைட் தாது வாங்குவது பற்றி மெயிலில் பேசிக்கொண்டன. ஐந்து கப்பல் சரக்குக்கு டீலை உறுதி செய்கிறோம் என்று வேதாந்தா பக்கத்திலிருந்து ஒரு மெயில் போனது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை. பிறகு தகராறு வந்தது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முக்கியமான விஷயங்களெல்லாம் மெயில்களிலேயே முடிவாகிவிட்டதால் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, பத்திரம் பிறகு எழுதுவதாக இருந்ததால் அது இல்லையென்று ஆகாது என்று சொன்னது. கப்பல் கப்பலாகத் தாது விற்பவர்களுக்குச் சொன்னது ஒரு எண்ணெய் பாட்டில் விளம்பரத்துக்கும் பொருந்தும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு விளம்பர ஏஜென்சி தேதி கேட்டது. காலண்டரைப் பார்த்தேன், காலியாக இருந்தது. ‘கன்ஃபர்ம்டு’ என்று எழுதிவிட்டேன். அந்த வாரம்தான் அக்காவின் பேத்திக்குக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்து. அது என் காலண்டரில் எப்படி இருக்கும்? கோயிலிலிருந்து திரும்பிய அன்றே, கால் வீங்கின நிலையில், அக்கா ராத்திரி இரண்டு மணி வரை நின்று அதிரசம் சுட்டு வீடியோ எடுத்துக் கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. “தம்பி, அடுப்பு என்னுதுதானே?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ‘கன்ஃபர்ம்டு’ என்ற வார்த்தையை நான் தனியாக எழுதுவதில்லை. விலை பேசும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது: “இது பேச்சுவார்த்தை மட்டுமே. மேடத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இரு தரப்பின் கையெழுத்தும் ஆன பிறகே உறுதியாகும்.” பார்க்க மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று முதலில் கூச்சப்பட்டேன். இதுவரை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் இதே வரியை நமக்கு எழுதுகிறார்கள்.

அப்புறம், இன்பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நானும் அக்காவும் ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் நான் கேட்காமலே செய்யலாம் என்பவை: விவரம் கேட்டு எழுதுவது, பட்டியலில் உள்ளபடி மறுப்பது, சேனலின் பார்வை எண்ணிக்கை போன்ற புள்ளிவிவரம் அனுப்புவது. இரண்டாவது பக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டியவை: தேதி, விலை, அக்கா வாயால் சொல்ல வேண்டிய வசனம், வீட்டுக்கு ஆள் வருவது. மூன்றாவது பக்கம் எந்தக் காசுக்கும் நடக்காதவை. குழந்தைகளின் முகத்தைக் காட்டுவது அதில் முதல் வரி. வீட்டு முகவரி இரண்டாவது வரி. கூரியருக்குக்கூட என் கடை முகவரிதான் போகும்.

மூன்றாவது பக்கத்தில் பொருள்களும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேண்டாம் என்று அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்படிப்பட்ட விளையாட்டுகளை மட்டுமல்ல, அவற்றை விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கிவிட்டது. இரண்டு வருஷம் வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம். சர்க்கரை நோயை அடியோடு போக்கும் சூரணம், கஷாயம் வகையறா அடுத்தது. இதற்கு 1954லிருந்தே சட்டம் இருக்கிறது. நீரிழிவு உட்படப் பல நோய்களின் பட்டியலைக் கொடுத்து, இவற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரமே செய்யக்கூடாது என்கிறது. எழுபது வருஷம் கழித்தும் வாரத்துக்கு ஒரு சூரணம் இன்பாக்ஸுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியாக, பாக்கெட்டில் வரும் இஞ்சி பூண்டு விழுது. இதில் சட்டப் பிரச்சினை ஒன்றுமில்லை. “வீடியோவுக்கு வீடியோ அம்மியில் அரைங்கன்னு சொல்லிட்டு எப்படித் தம்பி?” என்றார் அக்கா. நியாயம்தானே.

கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளாதீர்கள், இதுவும் அந்த முதல் நாள் பேச்சிலேயே வர வேண்டும். ஜிமெயிலில் ஒரு கணக்கை இன்னொருவர் பார்த்துப் பதில் எழுத அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் நீங்கள் மெயில் படிக்கலாம், அனுப்பலாம், கடவுச்சொல்லை மாற்ற முடியாது. யூடியூப் ஸ்டுடியோவிலும் அதேபோல மேனேஜர், எடிட்டர் என்று தனித்தனி உரிமை தரலாம். நாளைக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனால், ஒரு க்ளிக்கில் எடுத்துவிடலாம். மனஸ்தாபம் வளராது.

இனி மெயில்களைப் பிரிப்பது. ஒரு நாளில் பத்து மெயில் வந்தால், ஆறு ஏழு குப்பை, இரண்டு ஏஜென்சி, எப்போதாவது ஒன்று நேராகக் கம்பெனியிலிருந்து. குப்பையில் பாதி பாவம், ‘ப்ரமோஷன் பண்ணுங்க, ஃப்ரீயா சாம்பிள் தர்றோம்’ என்று கேட்கும் சின்ன வியாபாரிகள். மீதிப் பாதிதான் பயங்கரம்.

2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனல் கடத்தப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள், அதுவும் கம்ப்யூட்டரைப் பற்றியே பேசும் சேனல். அங்கே வேலை செய்யும் ஒருவர், ஸ்பான்சர்ஷிப் விசாரணை போல் வந்த மெயிலோடு இருந்த கோப்பைத் திறந்திருக்கிறார். பார்க்க பி.டி.எஃப். மாதிரி இருந்த அது ஒரு நச்சு நிரல். சில நொடிகளில் பிரவுசரில் இருந்த லாகின் அடையாளங்கள் திருடு போயின. கொஞ்ச நேரத்தில் சேனலின் பெயர் மாறி, கிரிப்டோ மோசடி லைவ் ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும், போனுக்கு ஓ.டி.பி. வந்தாலும், இதில் உதவாது. ஏனென்றால் திருடன் புதிதாக லாகின் செய்வதில்லை, நீங்கள் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கதவு வழியாகவே உள்ளே வருகிறான். யூடியூபர்களைக் குறிவைத்து இந்த வழியில் ஒரு கூட்டமே இயங்குவதை 2021 அக்டோபரிலேயே கூகுள் எழுதியிருந்தது. அவர்களும் போலி விளம்பர வாய்ப்பைத்தான் தூண்டிலாகப் போட்டார்கள்: வைரஸ் தடுப்பு மென்பொருள், வி.பி.என்., படம் எடிட் செய்யும் ஆப்.

ஆகவே என் வழக்கம் இது. பூட்டிய ஜிப் கோப்பு வந்து, கடவுச்சொல்லையும் மெயிலிலேயே எழுதியிருந்தால், திறக்க மாட்டேன். பூட்டுவதே நடுவில் உள்ள வைரஸ் சோதனை உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். ‘ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்திருக்கும் கோப்பின் கடைசியில் எஸ்.சி.ஆர்., இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது பத்திரமே இல்லை, நிரல். அழித்துவிடுவேன். விவரத்தை மெயிலிலேயே எழுதச் சொல்வேன். உண்மையான ஆள் எழுதுவார், திருடன் ‘லிங்க்கைத் திறங்க’ என்றே நிற்பான். மெயில் பார்க்கும் கம்ப்யூட்டரில் சேனலை லாகின் செய்து வைப்பதில்லை. கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு ஜிமெயிலிலிருந்து எழுதினால், கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணைத் தேடிக் கூப்பிட்டுக் கேட்பேன். மெயிலில் தந்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் திருடனே எடுத்து ‘ஆமாம்’ என்பான். இதற்கெல்லாம் மேலே பொது அறிவு என்று ஒன்று இருக்கிறது. மீன் குழம்பு வைக்கும் அக்காவிடம் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரை விளம்பரம் செய்ய, பேரம் பேசாமல், மூன்று மடங்கு பணம் யார் தருவார்?

நல்ல மெயில் என்று தெரிந்த பிறகு எழுதும் முதல் பதிலில் விலை இருக்கக் கூடாது. கமர்ஷியல்ஸ்தானே கேட்டார்கள் என்று ஒரு எண்ணை எழுதி அனுப்பினால், அது எதற்கான எண் என்று நமக்கே தெரியாது. நான் அனுப்பும் பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“வணக்கம். மேடத்தின் சார்பில் நான் எழுதுகிறேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விலை சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. பிராண்டும் பொருளும் எது? பொருளின் உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்ன? மேடம் கட்டாயம் சொல்ல வேண்டிய வரிகள் உண்டா, அவற்றுக்கு ஆதாரம் என்ன? வீடியோ எந்த வாரம் வர வேண்டும்? அதை உங்கள் விளம்பரங்களில் தனியாக வெட்டிப் பயன்படுத்துவீர்களா, எவ்வளவு காலத்துக்கு? அந்தக் காலத்தில் வேறு எண்ணெய்களை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டா? பட்ஜெட் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? பணம் தருவது நீங்களா, பிராண்டா, எத்தனை நாளில்? இவற்றுக்குப் பதில் கிடைத்ததும் மேடத்திடம் பேசிவிட்டு இரண்டு வேலை நாளில் எழுதுகிறேன்.”

எட்டுக் கேள்விகள். இதைப் பார்த்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். போகட்டும்.

இதில் ஐந்தாவதும் ஆறாவதும்தான் பணம் ஒளிந்திருக்கும் இடம். ஒரு கணக்குக்கு, ஒரு இன்டகிரேட்டட் வீடியோவுக்கு நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் சேனலில் அக்கா பேசுவதற்கான கூலி அது. அதே வீடியோவில் அக்கா எண்ணெயை ஊற்றும் இருபது நொடியை வெட்டி, கம்பெனி தன் பக்கத்தில் காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால், அக்காவின் சேனலையே பார்க்காத லட்சம் பேருக்கு அக்காவின் முகம் போகும். அது இன்னொரு வேலை, அதற்கு இன்னொரு கூலி, அதற்கு ஒரு முடிவு தேதி. ‘நிரந்தரமாக, எல்லா ஊடகங்களிலும்’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், பத்து வருஷம் கழித்து எண்ணெய் டின்னில் அக்கா சிரித்துக்கொண்டிருப்பதைத் தடுக்க முடியாது. வேறு எண்ணெய் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அப்படித்தான். ஆடியில் மூன்று மாதம் என்றால் ஆடி தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி வரைக்கும் வந்துவிடும். எண்ணெய்க் கம்பெனிகள் காசை இறைக்கும் காலமே அதுதான். அந்தக் காலம் முழுக்க மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துவதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இலவசமாகச் சாத்தினதாக அர்த்தம்.

விலையை யார் முதலில் சொல்வது? ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கும்போது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்களே, ஏறக்குறைய அதேதான். அவர்கள் ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பார்கள், நாம் ‘உங்கள் பட்ஜெட் என்ன’ என்போம். இரண்டு தடவைக்கு மேல் இந்த விளையாட்டு வேண்டாம். மூன்றாவது தடவை அக்கா சொன்ன எண்ணைச் சொல்லிவிடுவேன், அதோடு என்னென்ன அடங்கும், எத்தனை தடவை திருத்தம் செய்து தருவோம் என்பதையும். இரண்டு திருத்தம் என்று எழுதாமல் விட்டால், ‘மேடம் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாமே’ என்று ஆறாவது மெயில் வரும்.

பேரம் நடக்கும்போது இன்னொன்றும் வரலாம். “உங்களுக்குத் தனியா பத்து பர்சன்ட் பார்த்துக்கலாம் சார், ரேட்டைக் கொஞ்சம் குறைச்சுப் பேசிக் கொடுங்க.” எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டாவது தடவை அக்கா ஒரு சிரிப்பு பொம்மை மட்டும் திருப்பி அனுப்பினார்.

பார்ட்டர் விஷயம் சுருக்கமாக. மிக்ஸி, அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று பொருளாகத் தந்தாலும் அது வருமானம்தான். ஒரே நிறுவனம் ஒரு வருஷத்தில் தரும் அப்படிப்பட்ட ஆதாயம் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. 194ஆர் என்ற பிரிவாக 2022 ஜூலை 1 முதல் இது வந்தது. வீடியோ எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது கிடையாது. எனவே மெயிலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்: வைத்துக்கொள்ளவா, திருப்பி அனுப்பவா, வைத்துக்கொண்டால் வரியை யார் கட்டுவது? மற்றதை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

விளம்பரம் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும், இதில் பேரத்துக்கே இடமில்லை. “லேபிள் போடாமல் இயல்பாக வரட்டுமே, ரீச் குறைந்துவிடும்” என்று ஏஜென்சி கேட்கும். விளம்பரத் துறை தானே அமைத்துக்கொண்ட ஆஸ்கி கவுன்சில் 2021லேயே இதற்கு விதி போட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. காசு மட்டுமல்ல, இலவசப் பொருள், ஓட்டல் தங்கல், தள்ளுபடி எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் கீழே குறிப்பில் போட்டால் போதாது, வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். எந்த மொழியில் விளம்பரம் செய்கிறோமோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். அக்கா, “இது காசு வாங்கிட்டு செய்ற விளம்பரம்ங்க” என்றே சொல்லிவிடுவார். கமென்ட்டில் அதையே ரசிக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்தில் வந்து பரிந்துரைப்பவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம். ஒரு வருஷம் வரை விளம்பரத்தில் வரவே தடை போடலாம், திரும்பச் செய்தால் மூன்று வருஷம். ஆனால் அதே சட்டம் ஒரு வழியும் வைத்திருக்கிறது: சொல்லும் விஷயம் உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்திருந்தால் அந்த அபராதமும் தடையும் கிடையாது. அந்த அக்கறைக்கு என்ன சாட்சி? நான் ஆதாரம் கேட்டு எழுதிய மெயிலும், அவர்கள் அனுப்பிய ஆய்வகச் சான்றும்தான். அதனால்தான் ஆதாரம் கேட்கும் அந்த மூன்றாவது கேள்வியை போனில் கேட்பதில்லை. போனில் பேசினாலும், வைத்த உடனே ‘நாம் பேசியது இது’ என்று நாலு வரி மெயில் போட்டுவிடுவேன். உணவுப் பொருள் என்றால் பொட்டலத்தில் உள்ள பதினான்கு இலக்க உரிம எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

மறுப்பதற்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. “நன்றி. இந்த வகைப் பொருளை மேடம் எடுப்பதில்லை. சமையல் பாத்திரம், மளிகை சம்பந்தப்பட்டவை இருந்தால் எழுதுங்கள்.” காரணத்தை விளக்கினால் அதற்கு ஒரு பதில் வாதம் வரும். இன்று சூரணத்தோடு வந்த அதே பெண், அடுத்த மாதம் வேறு ஏஜென்சியில் சேர்ந்து நல்ல நல்லெண்ணெயோடு வருவார். இந்த வேலையில் ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள், மெயில் முகவரி மாறும், ஞாபகம் மாறாது.

பணம் சம்பந்தப்படாத மெயில்களை என்ன செய்வது? பேட்டி கேட்டு வரும் பத்திரிகை, பாட்காஸ்ட், கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். இவற்றை நான் விளம்பர மெயில்களுக்கு முன்னால் வைக்கிறேன், ஏனென்றால் நிருபர்களுக்கு நாளைக்கே வேண்டும். எப்போது அச்சுக்குப் போகிறது, எத்தனை நிமிடம் பேச வேண்டும், படம் யார் எடுப்பார்கள், இவ்வளவுதான் கேட்பேன். எழுதியதை முன்கூட்டியே காட்டுங்கள் என்று கேட்பதில்லை, நல்ல பத்திரிகை காட்டாது. கல்லூரிக்காரர்களிடம் மட்டும் போக்குவரத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ‘கார் அனுப்புறோம் மேடம்’ என்று சொல்லிவிட்டு ஒரு கல்லூரியில் எங்களை பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வந்தது மேடைக்கு நாற்காலி ஏற்றிப்போன வேன்.

விருது மெயில் தனி ரகம். “இந்த ஆண்டின் சிறந்த சமையல் சாதனையாளராக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்.” வாழ்த்து, நட்சத்திர ஓட்டல், பிரபலங்கள் எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் ‘பங்கேற்புக் கட்டணம்’ என்று பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ. காசு கட்டி வாங்கும் கேடயம். இதை மட்டும் நானே மறுக்காமல் அக்காவிடம் படித்துக் காட்டுவேன், அவருக்கு இது பொழுதுபோக்கு.

கடைசியாக, வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பணத்தை வாங்குவது. தொடங்கும்போதே பாதி அட்வான்ஸ் வாங்கப் பாருங்கள், முதல் தடவை வேலை செய்யும் ஏஜென்சி என்றால் கண்டிப்பாக. ஏஜென்சிகள் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று எழுதும். ‘பிராண்டிலிருந்து இன்னும் வரவில்லை’ என்பது நிரந்தரப் பதில். இதற்கு ஒரு பிடி இருக்கிறது. அக்காவின் தொழிலை மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறு தொழிலாகப் பதிந்து வைத்தோம். பதிவுக்குக் கட்டணமே இல்லை, காசு கேட்கும் தளம் போலி. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது வருமான வரியிலும் அவர்களுக்கு இடிக்கிறது, காலத்துக்குள் தராமல் மார்ச் முடிந்த பிறகு தரும் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போடுகிறேன். முப்பதாவது நாள் ஒரு நினைவூட்டல், நாற்பதாவது நாள் இன்னொன்று, ஏஜென்சியின் கணக்குப் பிரிவையும் சேர்த்து. மார்ச் மாதத்தில் இந்த மெயிலுக்கு இருக்கும் மரியாதை தனி.

சரி, அந்த எண்ணெய் மெயில் என்ன ஆயிற்று என்றால், எட்டுக் கேள்வியையும் அனுப்பினேன். ஆறுக்குப் பதில் வந்தது. அக்கா சொல்ல வேண்டிய வரிகள் என்று இரண்டு இருந்தன. ஒன்று, ‘இதில் கொலஸ்ட்ரால் இல்லை’. செடியிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும்தான் அது இருக்காதே, இது மட்டும் என்ன விசேஷம்? இரண்டாவது, ‘இதைச் சாப்பிட்டால் மாரடைப்பு வராது’. அக்காவிடம் சொன்னேன். “அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் வடை சுடப் போயிரலாம்” என்றார். முதல் வரியின் மேல் எங்கள் கருத்தையும், இரண்டாவதுக்கு ஆதாரம் அனுப்பும்படியும் எழுதினேன்.

ஒன்பது நாள் சத்தமில்லை. நேற்று அதே ஏஜென்சியிலிருந்து வேறு ஒருவர் எழுதியிருக்கிறார். “ஹாய் மேடம், உங்கள் வீடியோக்கள் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கமர்ஷியல்ஸ் அனுப்புங்கள். அர்ஜென்ட்.” எட்டுக் கேள்வியையும் திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.